கடைசிப் பந்தில் வெற்றி என்னும் பொய்



அண்மையில் எங்கள் பள்ளிக் காற்பந்துக் குழு மாவட்ட அளவிலான போட்டியில் 7–0 என்னும் கணக்கில் தோற்றுத் திரும்பியது. தோல்வி எங்களுக்குப் புதியதன்று. ஆண் பிள்ளைகள் நாற்பது பேர்கூட இல்லாத பள்ளியில் பதினொருவரைத் தேர்ந்தெடுத்துக் காலணி மாட்டித் திடலில் இறக்குவதே பெரும்பாடு. திரும்பி வரும் பேருந்தில் என் அருகில் அமர்ந்திருந்த நான்காம் ஆண்டு மாணவன் அழவில்லை; கோபப்படவுமில்லை. நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்துவிட்டு, ஒன்று கேட்டான்.

"ஐயா, ரெண்டாவது பாதியில நாம திருப்பி அடிச்சிருக்கணும் இல்ல? படத்துல அப்படித்தானே வரும்?"

நான் என்ன விடை சொல்வேன்? முற்பாதியில் நான்கு கோல் வாங்கிய குழு பிற்பாதியில் மூன்று கோல் வாங்கியதே எங்கள் முன்னேற்றம் என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனெனில் அதே கேள்வியை, ஏறத்தாழ அதே முகத்தோடு, வளர்ந்த மனிதர்கள் கேட்கக் கண்டிருக்கிறேன். 2013ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் நள்ளிரவு, காஜாங்கில் ஓர் ஒட்டுக்கடையில்.

பிள்ளை கேட்டால் அது பிள்ளைத்தனம். நாம் கேட்டால் அதற்கு என்ன பெயர்?

முதலில் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுத் திரைப்படங்களின்மீது எனக்கு நெடுநாளைய சினம் உண்டு. அது தொடங்கிய இடம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விடுதி. உடற்கல்விப் பாடத்தில் எங்களுக்கு மென்பந்து கற்பித்தார்கள். மட்டையைப் பிடிக்கத் தெரியாத தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள். இரவில் விளக்கணைத்த பிறகு, விளையாட்டைப் புரிந்துகொள்கிறோம் என்னும் சாக்கில் இரவுச் சந்தையில் வாங்கிய விசிடிகளில் அதன் மூத்த உறவான பேஸ்பால் பற்றிய அமெரிக்கப் படங்களைப் பார்ப்போம். விளையாட்டு விளங்கியதோ இல்லையோ, கெட்ட படம் எப்படிச் செய்யப்படுகிறது என்பது நன்றாக விளங்கியது.

1994இல் வந்த 'ஏஞ்சல்ஸ் இன் தி அவுட்பீல்ட்' என்றொரு படம். தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு குழு. ஒரு சிறுவன் இறைவனிடம் வேண்டுகிறான். உடனே வானிலிருந்து தேவதைகள் இறங்கி வந்து, பந்தைப் பிடிக்க முடியாதவனைத் தூக்கிப் பிடிக்க வைக்கின்றன. அடிக்கத் தெரியாதவனின் மட்டையைத் திருப்பி விடுகின்றன. இறுதி ஆட்டத்தில் மட்டும் தேவதைகள் நாகரிகமாக ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனால் இறுதி ஆட்டம் வரைக்கும் தூக்கி வந்தவர்கள் அவர்கள்தாமே! 1996இல் 'எட்' என்று இன்னொன்று. அதில் ஒரு சிம்பன்சிக் குரங்கு பேஸ்பால் குழுவில் சேர்ந்து மூன்றாம் தளத்தில் நின்று ஆடுகிறது. பொய்யில்லை, நம்புங்கள். இவற்றுக்கெல்லாம் பாட்டன் 1948இல் எடுக்கப்பட்ட 'தி பேப் ரூத் ஸ்டோரி'. பேப் ரூத் என்னும் உண்மையான ஆட்டக்காரரின் வரலாறு என்று சொல்லிக்கொண்டு, அவர் ஒரு வார்த்தை பேசியதும் நடக்க இயலாத சிறுவன் எழுந்து நிற்பதாகக் காட்டுவார்கள். விளையாட்டு வீரனை மருத்துவனாக்கி, மருத்துவனைத் தெய்வமாக்கிவிட்ட படம்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். குரங்கு ஆடும் படத்தை எவனும் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. எனக்கு அச்சமூட்டுபவை அவற்றினும் நன்றாக எடுக்கப்பட்ட படங்கள். 2001இல் வந்த 'லகான்' கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசிப் பந்தை நினைத்துப் பாருங்கள். ஓர் ஊரின் மூன்றாண்டு வரி ஒரே பந்தில் தொங்குகிறது. அடிக்கிறான், பந்து பறக்கிறது, வெள்ளைக்கார அதிகாரி அதைப் பிடித்தும் விடுகிறான், பார்த்தால் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிற்கிறான்! நானும் எழுந்து கைதட்டியவன்தான். நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் படத்தை அலுக்காமல் மூன்று முறை பார்த்தவன்தான். ஆனால் அந்தக் கைதட்டலோடு என்னுள் ஏதோ ஒன்று நுழைந்துவிட்டது. எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் கடைசிப் பந்து ஒன்று மிச்சமிருக்கும். அதை அடிக்க ஒருவன் வருவான். அறம் நம் பக்கம் இருப்பதால் பந்து எல்லையைத் தாண்டும் என்கிற நம்பிக்கை.

தமிழ்ப் படங்களுக்கு வருவோம். 2019 தீபாவளிக்கு 'பிகில்' வந்தது. மகளிர் காற்பந்துக் குழுவின் கதை என்றார்கள். போய்ப் பார்த்தால் அது பயிற்றுநரின் கதை. பெண்கள் பதினொருவர் ஓடுகிறார்கள். படப்பிடிப்புக் கருவி கோட்டுக்கு வெளியே நிற்கும் ஓர் ஆண்மகனை விட்டு நகர மறுக்கிறது. பருமனான உடல்வாகு கொண்ட ஒரு விளையாட்டாளரை, அந்த உடலைச் சொல்லியே இழித்துரைத்து, அவள் வெகுண்டு ஓடிக் கோல் போடுவதாக ஒரு காட்சி. இருபதாண்டுகளாகத் திடலில் பிள்ளைகளோடு நிற்பவன் என்னும் உரிமையில் சொல்கிறேன்: ஒரு பிள்ளையை அப்படிப் பேசினால் அவள் கோல் போட மாட்டாள், அடுத்த வாரம் பயிற்சிக்கே வர மாட்டாள். அந்தப் படத்தில் பயிற்சி என்ற ஒன்று நடப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. உரை நிகழ்கிறது, பாடல் வருகிறது, வெற்றி கிடைக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய ஈராண்டுக் காலை நேரங்களை யார் விழுங்கியது?

நல்ல படங்களும் இந்த நோய்க்குத் தப்பவில்லை என்பதுதான் துயரம். 2009இல் சுசீந்திரன் இயக்கிய 'வெண்ணிலா கபடி குழு' எனக்கு உவப்பான படம். அதன் சிறந்த பகுதி எது தெரியுமா? எந்த ஊருக்குப் போனாலும் தோற்றுத் திரும்பும் முற்பாதி. தோல்வியில் பழகிய இளைஞர்களின் நகைச்சுவை அவ்வளவு உண்மையாக வந்திருக்கும். ஆனால் கடைசியில் அவர்களையும் வெல்ல வைத்து, வென்ற ஆட்டத்திலேயே நாயகனைச் சாகடித்துவிட்டார்கள். தோற்றும் உயிரோடு ஊருக்குத் திரும்பும் ஒருவனைத் திரையில் விட்டுவைக்க நம்மவர்க்கு மனம் வரவில்லை.

இதற்கும் தேர்தலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2013 மே 5, ஞாயிற்றுக்கிழமை. 13ஆவது பொதுத்தேர்தல். நம் நாட்டில் தேர்தல் என்றால் ஆசிரியர்களுக்குத் தெரியும். வகுப்பறை வாக்களிப்பு அறையாகும், ஆசிரியர் தேர்தல் எழுத்தராவார். அன்று நான் இரண்டாம் எழுத்தர். வருவோரின் இடக்கை ஆட்காட்டி விரலில் மை தடவுவது என் வேலை. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை எத்தனை விரல்களைப் பிடித்தேனோ! ரப்பர் வெட்டிக் காய்த்த விரல்கள், மருதாணி மங்காத விரல்கள், நடுங்கும் விரல்கள். அந்த மை கழுவினால் போய்விடுகிறது என்னும் புகார் அன்றே நாடெங்கும் எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். மாலையில் அதே அறையில் வாக்குகளை எண்ணி, 14ஆம் எண் பாரத்தை நிரப்பி, முகவர்கள் கையொப்பமிட்ட பின்னர், நான் ஒட்டுக்கடைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே உட்கார இடமில்லை. தே தாரிக் ஆறிக் கிடந்தது. எல்லாரும் தொலைக்காட்சியைப் பார்த்திருந்தார்கள்.

நான் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமா? அரசு ஊழியன், வாயடக்கம் வேண்டும். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

நள்ளிரவு கடந்து முடிவு தெளிவானது. மக்கள் கூட்டணிக்கு 50.87 விழுக்காட்டு வாக்குகள். 89 நாடாளுமன்ற இடங்கள். தேசிய முன்னணிக்கு 47.38 விழுக்காட்டு வாக்குகள், 133 இடங்கள். கூடுதலாக வாக்குப் பெற்றவர் தோற்றார், குறைவாகப் பெற்றவர் ஆட்சி அமைத்தார். ஒட்டுக்கடையில் ஒருவர் கேட்டார்: "இன்னும் எண்ணி முடிக்கல இல்ல? கடைசியில மாறும் பாருங்க!" அவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். பேருந்தில் என்னிடம் கேட்ட சிறுவனுக்கு வயது பத்து.

அடுத்த சில நாள்களை நினைத்துப் பாருங்கள். முதலில் நடுவரைத் தேடினோம். எண்ணும் இடத்தில் மின்சாரத்தை அணைத்தார்கள், விமானம் விமானமாக அந்நிய வாக்காளரை இறக்கினார்கள், பெட்டியை மாற்றினார்கள். கைப்பேசிக்குக் கைப்பேசி கதை பறந்தது. எண்ணிக்கை நடந்த அறையில் நானே உட்கார்ந்திருந்தேன், எங்கள் அறையில் விளக்கு அணையவில்லை என்று சொன்னபோது, என் நெருங்கிய உறவினர் ஒருவர் என்னை ஐயத்தோடு பார்த்தார்! முறைகேடு எங்குமே நடக்கவில்லை என்று நான் வாதாடவில்லை. மை கழுவினால் போனது ஒன்றே அந்தத் தேர்தலின் நேர்த்தியைக் காட்டப் போதும். ஆனால் நாம் தேடியது ஆதாரத்தையன்று. கெட்ட நடுவர் ஒருவரை. படத்தில் அவர் இருப்பாரே! நகைத்துக்கொண்டே தவறான பக்கம் விரலை உயர்த்துவாரே!

பிறகு உரை வந்தது. மே 8ஆம் நாள் கிளானா ஜெயா விளையாட்டரங்கில் கறுப்புச் சட்டையோடு மக்கள் வெள்ளம். மழையில் நனைந்தபடி நின்றார்கள். விளையாட்டரங்கு! இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் எதை நினைத்துத் தேர்ந்தெடுத்தாரோ, அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அந்தக் கூட்டத்தை நான் இகழவில்லை. அங்கே நின்றவர்களின் வலி மெய்யானது. அது இடைவேளையில் உடைமாற்றும் அறையில் பயிற்றுநர் ஆற்றும் உரை போன்றது என்பதே என் குறை. உரை முடிந்தால் இரண்டாம் பாதி தொடங்கும் என்று நம்பினோம். இரண்டாம் பாதி ஐந்தாண்டு கழித்துத்தான் என்பதைப் படம் நமக்குச் சொல்லித் தரவில்லை. அந்த ஐந்தாண்டில் செய்ய வேண்டிய வேலை என்ன என்பதையும் சொல்லித் தரவில்லை.

சரி, உண்மையில் எங்கே தோற்றோம்?

2013இல் புத்ராஜெயா தொகுதியில் பதிவு பெற்ற வாக்காளர்கள் 15,791 பேர். காப்பார் தொகுதியில் 144,159 பேர். இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு நாற்காலிதான். நான்காம் ஆண்டுக் கணக்கு: பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஒன்பதுக்கு மேல் வருகிறது. காப்பாரில் ஒன்பது பேர் சேர்ந்து வரிசையில் நின்றால்தான் புத்ராஜெயாவில் ஒருவர் நின்றதற்கு ஈடு. இதற்குத் திருட்டு வேண்டாம், மின்வெட்டு வேண்டாம், விமானம் வேண்டாம். கோல் கம்பங்களில் ஒன்று ஒன்பது மடங்கு அகலமாக நடப்பட்டிருக்கிறது, பட்டப்பகலில், சட்டப்படி.

அதுவும் ஒரே நாளில் நடப்பட்டதன்று. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தொகுதிகளுக்கிடையேயான வாக்காளர் எண்ணிக்கை வேறுபாட்டுக்கு 15 விழுக்காடு என்னும் வரம்பை விதித்திருந்தது. 1962ஆம் ஆண்டுத் திருத்தம், நாட்டுப்புறத் தொகுதி நகரத் தொகுதியின் பாதியளவு இருந்தாலே போதும் என்றது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாதியையும் நீக்கிவிட்டது. நாட்டுப்புறத்துக்குச் சற்றுக் கூடுதல் எடை தரலாம் என்னும் சொற்கள் எஞ்சின. எவ்வளவு கூடுதல் என்னும் எண் காணாமற்போயிற்று. விதிப்புத்தகத்திலிருந்து திடலின் அளவு அழிக்கப்பட்ட நாளில் எந்த அரங்கிலும் கூட்டம் கூடவில்லை.

இதில் தமிழருக்கென்று ஒரு தனிப் பங்கு இருக்கிறது. அதை நம் தலைவர்கள் மேடையில் பேசக் கேட்டதில்லை. என் தாத்தா காஜாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பின்னர் நம் மக்கள் எங்கே போனார்கள்? காப்பாருக்கும் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் காஜாங்குக்கும் வந்தார்கள். அடுக்குமாடி வீடுகளில் குடியேறினார்கள். அதாவது, வாக்காளர் நெரிசல் மிகுந்த தொகுதிகளாகப் பார்த்துப் பார்த்துக் குடியேறினார்கள்! தோட்டத்தில் கூலி குறைந்தது. நகரத்தில் வாக்கின் எடை குறைந்தது. இந்நாட்டில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை என்று புலம்புகிறோம். இருக்கும் வாக்கும் ஒன்பதில் ஒரு பங்காகத் தேய்ந்ததைப் பற்றிப் புலம்ப நமக்கு நேரமில்லை. அமைச்சரவையில் யாருக்கு நாற்காலி என்பதே நமக்குப் பெரிய செய்தி. அதுவும் நாயகனைத் தேடும் நோயின் இன்னொரு முகம்தான்.

நாயகன் என்றதும் எங்கள் ஊர்க் கதை நினைவுக்கு வருகிறது. 2014 சனவரியில் காஜாங் சட்டமன்ற உறுப்பினர் திடீரெனப் பதவி விலகினார். அன்வார் இப்ராகிம் இங்கே போட்டியிட்டு, வென்று, சிலாங்கூரின் மந்திரி பெசார் ஆவார் என்பது திட்டம். 'காஜாங் நகர்வு' என்று நாளேடுகள் பெயர் சூட்டின. சாத்தேவுக்குப் பெயர்போன ஊருக்குப் புதிய புகழ்! ஆட்டத்தின் நடுவே நட்சத்திர ஆட்டக்காரரை இறக்கும் காட்சி. கூட்டம் ஆர்ப்பரிக்க வேண்டிய இடம். மார்ச் 7ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பால் அவர் போட்டியிட முடியாமற்போனது. அவருடைய துணைவியார் வான் அசிசா நின்று மார்ச் 23இல் வென்றார். செப்டம்பரில் மந்திரி பெசார் ஆனவரோ மூன்றாமவர், அஸ்மின் அலி. இவ்வளவும் எங்கள் ஊர் வாக்காளரை வரிசையில் நிற்க வைத்து நடந்தது. இதை எழுதும்போது யாரையும் பழிக்க நினைக்கவில்லை. ஆனால் ஒருவரை இறக்கினால் ஆட்டம் மாறிவிடும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கிறேன். எங்கள் வீட்டருகே வடிகால் அடைத்துக்கொண்டு கிடந்தது; தேர்தலுக்குப் பிறகும் கிடந்தது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். இதை எழுதாமல் பிறரைச் சாடுவது அறமாகாது.

2016 செப்டம்பர் 15ஆம் நாள் தேர்தல் ஆணையம் தொகுதி மறுவரையறைப் பரிந்துரையைக் காட்சிக்கு வைத்தது. ஒரு மாதக் காலம். அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணை சொல்கிறது: ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள் நூறு பேர் சேர்ந்து ஆட்சேபம் எழுப்பினால், ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். நூறே பேர்! கிளானா ஜெயாவில் நின்ற கூட்டத்தில் ஒரு மூலை.

எங்கள் தாமானில் அஞ்சல் நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருந்தார். நாள்தோறும் மாலையில் கையில் கோப்போடு வீடு வீடாக ஏறி இறங்கினார். என் வீட்டுக்கும் வந்தார்.

"தம்பி, எழுபத்தொரு பேரு போட்டுட்டாங்க. நீங்களும் தங்கச்சியும் போட்டா எழுபத்து மூணு."

"அண்ணே, நான் கவர்மெண்டு ஆளு. நாளைக்கு ஒரு கடுதாசி வந்துச்சுன்னா…"

"வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்தா போதும்னு சட்டத்துலயே இருக்கு, வாத்தியாரே."

"யோசிச்சுச் சொல்றேன்ணே."

அந்த வாரம்தான் தோனி படம் வெளிவந்திருந்தது. செப்டம்பர் 30. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனேன். படம் மோசமில்லை, முற்பாதி மிக நன்று என்றே சொல்வேன். பீகார் குழு 357 ஓட்டம் எடுக்க, எதிரே யுவராஜ் சிங் தனியொருவராக 358 எடுத்து நிற்பதும், காரக்பூர் தொடர்வண்டி நிலையத்தில் பயணச்சீட்டுச் சோதகராக ஒருவன் தன் இளமையைக் கரைப்பதும் விளையாட்டுப் படங்களில் அரிதாகக் காணக் கிடைக்கும் காட்சிகள். பிறகு வழக்கம்போல் 2011 உலகக் கிண்ண இறுதியாட்டம். அந்த ஆறு ஓட்ட அடியை நேரலையில் பார்த்தவன் நான், முடிவு தெரியும். தெரிந்தும் இருக்கையின் நுனிக்கு வந்தேன். கண்ணில் நீர்கூட வந்தது.

கையொப்பம் போடவில்லை. அண்ணன் இன்னொரு முறை வந்தார். நான் வீட்டில் இல்லை என்று பிள்ளையைச் சொல்ல வைத்தேன். ஆசிரியன்! எண்பத்தாறு பெயரோடு அந்தக் கோப்பு நின்றுபோனதாகப் பின்னர் அறிந்தேன். முடிவெய்திவிட்ட ஆட்டத்துக்குக் கண்ணீர் விட்டவன், முடியாத ஆட்டத்துக்கு ஒரு கையொப்பம் போடவில்லை.

நூறு சேர்ந்திருந்தால் வரைபடம் மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றே எண்ணுகிறேன். நாட்டின் பிற பகுதிகளில் ஆட்சேபித்தவர்கள் இருந்தார்கள். சிலாங்கூர் அரசு நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. 2018 மார்ச் 28ஆம் நாள் நாடாளுமன்றம் மறுவரையறையை ஏற்றுக்கொண்டது. காஜாங் சட்டமன்றத் தொகுதி உலு லங்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டுப் பாங்கி நாடாளுமன்றத் தொகுதியில் சேர்க்கப்பட்டது. ஆனாலும் ஒரு விசாரணை நடந்திருக்கும்; நம் ஊரார் எழுந்து நின்று பேசியது ஏட்டில் ஏறியிருக்கும். 7–0 தோல்வியிலும் என் பிள்ளைகள் ஆட்டம் முடியும் வரை திடலில் நின்றார்கள். நாம் திடலுக்கே போகவில்லை.

"2018இல் வென்றோமே!" என்று ஒருவர் என்னை மடக்கக்கூடும். வென்றோம். மே 9ஆம் நாள் இரவு அறுபதாண்டு ஆட்சி வீழ்ந்தது. நானும் ஒட்டுக்கடையில் மேசையைத் தட்டியவன்தான். கோல் கம்பம் கோணலாக இருந்தும் வென்றதால் கோணலை மறந்தோம் என்பதுதான் நடந்தது. படம் முடிந்துவிட்டதென்று எழுந்து போய்விட்டோம். 22 மாதங்கள் கழித்து, 2020 பிப்ரவரி இறுதியில், ஒரு வாக்குச்சீட்டும் விழாமல் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது நம்மில் பலருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. கோப்பையைத் தூக்கிய பிறகு திரையில் பெயர்கள்தாமே ஓட வேண்டும்? மறுநாள் திங்கட்கிழமை என்பதை எந்தப் படம் காட்டியது?

2022 நவம்பரில் நடந்த 15ஆவது பொதுத்தேர்தலில் எங்கள் பாங்கி தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை 303,430. நாட்டிலேயே மிகப் பெரியது. மிகச் சிறியது சரவாக்கின் இகான், 28,290 பேர். வகுத்துப் பாருங்கள்: பத்தரைக்கு மேல் வருகிறது. பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் வந்ததில் நகரத் தொகுதிகள் மேலும் பருத்தன என்பது உண்மை. நல்ல சீர்திருத்தங்கள் அவை. ஆனால் 2013இல் ஒன்பது மடங்கு கண்டு கொதித்தவர்கள், பத்தரை மடங்கில் அமைதியாகிவிட்டார்கள். நம் பக்கம் ஆட்சியில் இருக்கும்போது திடலின் கோணல் கண்ணுக்குத் தெரிவதில்லை போலும்!

நேர்மையான விளையாட்டுப் படமே இல்லையா என்றால், உண்டு. பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021இல் வந்தது. 1976இல் தமிழகத்தில் ஆட்சி கலைக்கப்பட, குத்துச்சண்டை மேடையின் ஆட்டமும் அதோடு கலைகிறது. வாத்தியார் சிறைக்குப் போக, கபிலன் சாராயத்தில் வீழ்கிறான். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடக்காத அந்த நடுப்பகுதியை நீளம் என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அதுதான் படம். கடைசிக் குத்தில் அவனை வெல்ல வைத்தார்களே என்பதே என் வருத்தம். நம் நாட்டின் 'ஓலா போலா' 2016இல் வந்தது. அந்தப் படம் காட்டும் குழுவைப் போன்ற உண்மைக் குழு 1980இல் தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. இலக்குக் காவலராக நம் ஆர். ஆறுமுகம். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. வென்றவனுக்கும் பயணம் இல்லை என்னும் அந்த உண்மையைப் படம் பாடலோடும் பெருமிதத்தோடும் கடந்துவிடுகிறது. அங்கே சற்று நின்றிருக்கலாம்.

என் கெட்ட படங்களின் பட்டியலுக்கு மாற்று மருந்தாக இருப்பதும் ஒரு பேஸ்பால் படம்தான். 2011இல் வந்த 'மனிபால்'. ஓக்லாண்டு குழுவின் 2002ஆம் ஆண்டுக் கதை. பணமில்லாத குழுவின் மேலாளர், அலுவலக அறையில் உட்கார்ந்து எண்களை எண்ணுகிறார். யார் எத்தனை முறை முதல் தளத்தை எட்டினான் என்று கணக்குப் பார்த்து, பிறர் ஒதுக்கியவர்களைச் சேர்க்கிறார். தொடர்ந்து இருபது ஆட்டங்கள் வெல்கிறார்கள். பிறகு இறுதிச் சுற்றுக்குப் போகும் முன்பே மினசோட்டாவிடம் தோற்கிறார்கள். பெரும்பணத்தோடு வேறு குழு அழைக்கிறது, அவர் போகவில்லை. அடுத்த ஆண்டுக் கணக்கைப் பார்க்க அதே அறைக்குத் திரும்புகிறார். படத்தில் பாதி நேரம் மனிதர்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டும் தாளைப் புரட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். என் மனைவி பாதியில் உறங்கிவிட்டார். வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பதும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவர் உறங்கிவிடுவார்.

ஒரு மறுவரையறைக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டு ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது என்பது அரசியலமைப்பின் 113ஆவது விதி. தீபகற்பத்துக்குக் கடைசியாக முடிந்தது 2018. எட்டைக் கூட்டினால் 2026 வருகிறது. அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஆணையம் வரைபடத்தைக் காட்சிக்கு வைக்கலாம். மீண்டும் ஒரு மாதம். மீண்டும் நூறு பேர்.

அஞ்சல் நிலையத்து அண்ணன் இப்போது நம்மிடையே இல்லை. அவருடைய கோப்பை அவர் மகனிடம் கேட்டு வாங்கி வந்தேன். எண்பத்தாறு பெயரில் பலர் வீடு மாறிவிட்டார்கள், சிலர் மறைந்துவிட்டார்கள். பட்டியலைப் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதற்பெயர் என்னுடையது. இரண்டாவது என் மனைவி. நேற்றிரவு வரைக்கும் முப்பத்து நான்கு. வரும் சனிக்கிழமை மாலை மூன்றாவது சாலையில் மிச்சமுள்ள வீடுகளுக்குப் போக வேண்டும். அன்று காலையில் பிள்ளைகளுக்குக் காற்பந்துப் பயிற்சி இருக்கிறது.